டிரைவர் அப்டேட்டுக்கு அப்புறம் வீடியோ ஓடலையா? ஃபார்மட் போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

போன தை மாசம் பள்ளத்தூர்ல எங்க ஐயாவுக்கு சதாபிஷேகம். சாயங்காலம் முகப்புல பெரிய டிவிய வச்சு, இருபது வருசத்துக்கு முன்னாடி நடந்த அவுகளோட அறுபதாம் கல்யாண வீடியோவ லேப்டாப்புல இருந்து போட்டுக் காட்டுறதா ஏற்பாடு. முதநாள் மத்தியானம் ஓட்டிப் பாத்தேன், நல்லா ஓடுச்சு. ராத்திரி லேப்டாப் தானா அப்டேட் ஆயி ரீஸ்டார்ட் ஆயிருக்கு, அத நான் கவனிக்கல. மறுநாள் எல்லாரும் வந்து உக்காந்த பெறகு பிளே பண்ணா நாதஸ்வரம் கேக்குது, தவுல் கேக்குது, படம் மட்டும் பச்சைப் பச்சையா கட்டம் கட்டமா நிக்குது. அப்பத்தா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுத் தொடச்சுப் போட்டுப் பாக்குறாக, "ஏத்தா, எங்க அக்காளக் காணமே"ன்னு கேக்குறாக. அந்தப் பெரிய அப்பத்தா இப்ப இல்ல, அவுக நடமாடுறது இருக்கறது அந்த வீடியோல மட்டுந்தான். பினாங்குல இருந்து வந்த சித்தப்பாவுக்கு மறுநாள் விடியக்காலைல திருச்சில ஃபிளைட், அவுக பாக்காமலே போயிட்டாக.

மறுநாள் காரைக்குடில ஒரு கடைல கொண்டு போயிக் குடுத்தேன். டிஸ்பிளே சிப் போச்சு, போர்ட் மாத்தணும், ரூ. 6,000 ஆகும், இல்லாட்டி ஃபார்மட் போட்டுப் பாக்கலாம் ரூ. 1,500ன்னாங்க. ஃபார்மட் போட்டோம். வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் நல்லா ஓடுச்சு, அப்புறம் அப்டேட் வந்து அதே கிராபிக்ஸ் டிரைவர, அதாவது படம் காட்டுற சிப்ப இயக்குற சாஃப்ட்வேர, திரும்ப ஏத்தி விட்டுருச்சு, மறுபடி அதே பச்சைக் கட்டம். அப்பத்தான் சிப்பும் போகல ஒண்ணும் போகல, கிராபிக்ஸ் டிரைவர்தான் பிரச்சனைன்னு தெரிஞ்சுது. அதச் சரி பண்ண ஆன செலவு ஒரு ரூபா கூட இல்ல, ஆன நேரம் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிச வேலையக் கண்டுபுடிக்க எனக்கு மூணு நாள் ஆச்சு. உங்களுக்கு அந்த மூணு நாள் போகக் கூடாதுன்னுதான் வரிசையா எழுதுறேன். விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் பொருந்தும், ஒண்ணு ரெண்டு எடத்துல பேரு மட்டும் கொஞ்சம் மாறும்.

1. மொதல்ல டிரைவர்தானா பிரச்சனைன்னு உறுதி பண்ணிக்கங்க

நேரம் 5 நிமிசம். இத விட்டுட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க, ஏன்னா ஃபைலே கெட்டுப் போயிருந்தா நீங்க என்ன டிரைவர் மாத்தினாலும் ஓடாது.

அதே வீடியோவ போன்ல போட்டுப் பாருங்க. போன்ல ஓடுச்சுன்னா ஃபைல் நல்லாருக்கு. அப்புறம் லேப்டாப்புல வேற ரெண்டு மூணு வீடியோவ ஓட்டிப் பாருங்க, ஒரு யூடியூப் வீடியோவும் பாருங்க. எல்லாமே ஒரே மாதிரி சொதப்புச்சுன்னா டிரைவர் மேல சந்தேகப்படலாம், ஒரே ஒரு ஃபைல் மட்டும் சொதப்புனா அது வேற கதை, அதக் கடைசில சொல்றேன்.

டிரைவர் கோளாறு எப்படி இருக்கும்னா: சத்தம் வரும் படம் கருப்பா இருக்கும், இல்ல பச்சையா ஊதாவா கட்டம் அடிக்கும். ஃபுல் ஸ்கிரீன் போட்டதும் மினுக்கு மினுக்குன்னு மின்னும், சின்னதாக்குனா சரியாயிரும். வீடியோ நடுவுல ஒரு செகண்ட் மொத்த ஸ்கிரீனும் இருண்டு திரும்ப வரும், அது டிரைவர் தொங்கிப் போயி விண்டோஸ் அத மறுபடி எழுப்பி விடுறது. டெஸ்க்டாப்ல மத்த வேலையெல்லாம் நல்லாருக்கும், வீடியோன்னு வந்தா மட்டும் மக்கர் பண்ணும். இதுல ஏதாவது ஒண்ணு இருந்து, அது ஒரு குறிப்பிட்ட நாள்ல இருந்து தொடங்கியிருந்தா முக்காவாசி உறுதி.

அந்த நாளக் கண்டுபுடிக்க ஒரு நல்ல வழி இருக்கு. ஸ்டார்ட் மெனுல ரிலையபிலிட்டின்னு அடிங்க, வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு வரும். காலண்டர் மாதிரி ஒவ்வொரு நாளா காட்டும், அன்னைக்கு என்ன ஏறுச்சு, எது கிராஷ் ஆச்சுன்னு கீழ எழுதியிருக்கும். உங்களுக்குப் பிரச்சனை ஆரம்பிச்ச நாளுக்கு முதநாளோ அன்னைக்கோ டிஸ்பிளேன்னோ, இன்டெல், என்விடியா, ஏஎம்டின்னோ பேரு போட்டு ஒரு அப்டேட் இருந்தா ஆளு சிக்கிருச்சு. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட், அப்டேட் ஹிஸ்டரி, டிரைவர் அப்டேட்ஸ்னு போனாலும் தேதியோட இருக்கும்.

2. நோட்டுல எழுதி வெக்க வேண்டியது

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கங்க, நிஜமாவே பேப்பர்ல எழுதுங்க. ஸ்கிரீனே போயிருச்சுன்னா லேப்டாப்புல சேவ் பண்ணி வச்சது உதவாது.

விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேத்து அமுக்கி டிவைஸ் மேனேஜர் போங்க. டிஸ்பிளே அடாப்டர்ஸ்னு ஒரு வரி இருக்கும், பக்கத்துல அம்புக்குறிய அமுக்குனா உங்க கிராபிக்ஸ் பேரு வரும். சில லேப்டாப்புல ரெண்டு பேரு இருக்கும், ஒண்ணு பிராசஸரோடயே வர்றது, இன்னொண்ணு தனி கார்டு. ரெண்டையும் எழுதுங்க. ஒவ்வொண்ணையும் ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப் போயி அங்க இருக்கற டிரைவர் வெர்ஷனும் டிரைவர் தேதியும் எழுதுங்க.

அங்க மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்னு மட்டும் இருந்தா டிரைவரே ஏறல, விண்டோஸ் ஒப்புக்கு ஒண்ண வச்சு ஓட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அப்ப நேரா படி 6க்குப் போயிருங்க.

என்விடியா கார்டு வச்சிருக்கறவங்களுக்கு ஒரு விசயம். விண்டோஸ் காட்டுற நம்பரும் என்விடியா சைட்ல இருக்கற நம்பரும் வேற வேற மாதிரி தெரியும், நான் இதுலயே அரை நாள் கொழம்புனேன். கடைசி அஞ்சு எண்ண மட்டும் எடுங்க, அதுல கடைசி ரெண்டு எண்ணுக்கு முன்னாடி புள்ளி வைங்க. 31.0.15.3623ன்னு இருந்தா அது 536.23. அவ்வளவுதான்.

இதோட லேப்டாப் மாடல் பேரு, அடில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உள்ள சீரியல் நம்பர், வாங்குன பில்லு எங்க இருக்குன்னு ஒரு குறிப்பு. வாரண்டி இருந்தா பில்லு இல்லாம ஒண்ணும் நடக்காது.

அடுத்தது ரொம்ப முக்கியம், நிறைய பேரு மாட்டிக்கறது இங்கதான். புது லேப்டாப்புகள்ல டிஸ்க்க பிட்லாக்கர் பூட்டு போட்டு வச்சிருக்கும், நம்ம போட்டதாவே ஞாபகம் இருக்காது. சேஃப் மோட் (விண்டோஸ் அத்தியாவசியமானத மட்டும் வச்சு ஓடுற நிலை, படி 7ல வரும்) போகும்போது 48 இலக்க ரிகவரி கீ கேக்கும். அது கைல இல்லன்னா உங்க லேப்டாப்புக்குள்ள நீங்களே போக முடியாது, போட்டோ, டாக்குமெண்ட் எல்லாம் உள்ளயே மாட்டிக்கும். செட்டிங்ஸ்ல டிவைஸ் என்கிரிப்ஷன்னு தேடிப் பாருங்க, ஆன்ல இருந்துச்சுன்னா உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள்ள போனா அந்தக் கீ இருக்கும், 48 எண்ணையும் எழுதிக்கங்க, எழுதி இன்னொருத்தர வாசிக்கச் சொல்லி சரி பாருங்க. அக்கவுண்ட் பாஸ்வேர்டும் கைல இருக்கட்டும், சேஃப் மோட்ல சில மெஷின் பின் நம்பர எடுக்காது, முழுப் பாஸ்வேர்டு கேக்கும்.

3. ரெண்டு நிமிச வைத்தியம்

விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிப்ட், இந்த மூணையும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டு பி (B) அமுக்குங்க. ஸ்கிரீன் ஒரு தடவ கருப்பாகித் திரும்ப வரும், ஒரு பீப் சத்தம் கேக்கும். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் திரும்ப ஸ்டார்ட் ஆகும், தொறந்து வச்ச வேலையெல்லாம் அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் ரீஸ்டார்ட். இங்க ஒரு பொறி இருக்கு, ஷட் டவுன் பண்ணி ஆன் பண்றது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு பெரும்பாலும் ஆன்லயே இருக்கும், ஷட் டவுன் பண்ணும்போது டிரைவரோட நிலமைய அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சுட்டு மறுபடி ஆன் பண்ணும்போது அதையே எடுத்துப் போடும். கோளாறும் சேந்து திரும்ப வரும். அதனால ஸ்டார்ட் மெனுல ரீஸ்டார்ட்ங்கறதத்தான் அமுக்கணும். புது டிரைவர் ஏறி ரீஸ்டார்ட்டே பண்ணாம பாதில நிக்கிறதால வர்ற பிரச்சனை இதோட தீந்துரும்.

4. வீட்டுல விசேசம் நடந்துக்கிட்டு இருக்கு, இப்பவே ஓடணும்னா

டிரைவரத் தொடாதீங்க. ஆளுக உக்காந்திருக்கும்போது டிரைவர் மாத்துற வேலை வேண்டவே வேண்டாம். வீடியோ பிளேயர்ல ஒரே ஒரு செட்டிங்க மாத்துனாப் போதும்.

விஷயம் என்னன்னா வீடியோவ விரிச்சுப் படமாக்குற வேலைய கிராபிக்ஸ் சிப் பண்ணுது, அதுக்கு வழி காட்டுறது டிரைவர். டிரைவர் கெட்டுருச்சுன்னா அந்த வேலைய பிராசஸர் கிட்டக் குடுத்துரலாம், அதுக்கு இந்த டிரைவர் தேவையில்ல.

விஎல்சி இருந்தா டூல்ஸ், ப்ரிஃபரன்சஸ், இன்புட் கோடெக்ஸ் போங்க. ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டீகோடிங்னு இருக்கறதுல டிசேபிள்னு வைங்க, சேவ் குடுங்க, விஎல்சிய மூடித் திரும்பத் தொறங்க. அப்படியும் படம் வரலைன்னா அதே ப்ரிஃபரன்சஸ்ல வீடியோ பக்கம் போயி அவுட்புட்ங்கற எடத்துல ஆட்டோமேட்டிக்னு இருக்கறத டைரக்ட்3டி 9ன்னோ ஓபன்ஜிஎல்னோ மாத்திப் பாருங்க. விண்டோஸோட வர்ற பிளேயர்ல இந்த வசதிய எதிர்பாக்காதீங்க, விஎல்சி இலவசந்தான், இப்பவே போட்டு வச்சுக்கங்க.

யூடியூப்னா குரோம்ல செட்டிங்ஸ், சிஸ்டம் போயி கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்னு இருக்கறத ஆஃப் பண்ணி ரீலான்ச் குடுங்க. எட்ஜ்லயும் அதே எடந்தான். ஃபயர்ஃபாக்ஸ்ல ஜெனரல் பக்கத்துல கீழ பெர்ஃபார்மன்ஸ்னு இருக்கும், ரெக்கமண்டட் செட்டிங்ஸ் டிக்க எடுத்தாத்தான் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன் டிக்கே கண்ணுல படும், அதையும் எடுங்க.

இப்படி மாத்துனா ஃபேன் சத்தம் போடும், லேப்டாப் சூடாகும், பேட்டரி சீக்கிரம் எறங்கும், சார்ஜரச் சொருகி வைங்க. 4கே வீடியோ பழைய பிராசஸர்ல விக்கி விக்கி ஓடலாம். ஆனா டிவிடில இருந்து மாத்துன பழைய கல்யாண வீடியோ மாதிரி சின்ன ஃபைலு எந்த லேப்டாப்புலயும் தங்கு தடையில்லாம ஓடும். அன்னைக்கு சாயங்காலம் இந்த ஒரு டிக் எனக்குத் தெரிஞ்சிருந்தா சித்தப்பா பாத்துட்டுப் போயிருப்பாக.

இன்னொரு பலனும் இருக்கு. இத ஆஃப் பண்ணதும் படம் சரியாயிருச்சுன்னா கோளாறு டிரைவர் வழில இருக்குன்னு நிரூபணம் ஆயிருச்சு. கடைக்காரர் சிப் போச்சுன்னு சொன்னா இத அவர் முன்னாடியே செஞ்சு காட்டலாம்.

5. ரோல் பேக்: பழைய டிரைவருக்குத் திரும்புறது

நேரம் 10 நிமிசம், செலவு இல்ல, நெட்டும் தேவையில்ல.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரீஸ்டோர் பாயிண்ட் ஒண்ணு போட்டுருங்க, ஏதாவது கெட்டுப் போனா இப்ப இருக்கற நிலமைக்கே திரும்பி வர்றதுக்கு. ஸ்டார்ட் மெனுல கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்னு அடிச்சா வரும். நிறைய லேப்டாப்புல சிஸ்டம் ப்ரொடெக்ஷன் ஆஃப்லயே இருக்கும், கான்ஃபிகர் போயி ஆன் பண்ணிட்டு அப்புறம் கிரியேட் குடுங்க. சார்ஜர் சொருகியிருக்கணும், டெஸ்க்டாப்னா யூபிஎஸ் இருக்கணும், நம்ம ஊர்ல மத்தியானம் கரண்ட்டு எப்பப் போகும்னு சொல்ல முடியாது, டிரைவர் பாதி ஏறும்போது நின்னுச்சுன்னா வேலை ரெட்டிப்பாகும்.

டிவைஸ் மேனேஜர், டிஸ்பிளே அடாப்டர்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப். அங்க ரோல் பேக் டிரைவர்னு ஒரு பட்டன் இருக்கும். அமுக்குனா ஏன் பழசுக்குப் போறீங்கன்னு ஒரு காரணம் கேக்கும், எத வேணாலும் டிக் பண்ணலாம், எஸ் குடுங்க. ஸ்கிரீன் ரெண்டு மூணு தடவ மின்னும், சில நேரம் எழுத்தெல்லாம் பெருசாகித் திரும்பச் சின்னதாகும், கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருங்க, ஒண்ணையும் அமுக்காதீங்க. முடிஞ்சதும் ரீஸ்டார்ட். திரும்ப அதே டேப்ல போயி வெர்ஷன் மாறியிருக்கான்னு நோட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. அப்புறம் படி 4ல நிறுத்தி வச்சதெல்லாம் மறுபடி ஆன் பண்ணிட்டு வீடியோவ ஓட்டுங்க, அத மறந்துட்டா சரியாச்சா இல்லையான்னே தெரியாது.

எனக்கு இந்த எடத்துல வேல முடிஞ்சுது. மூணாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குள்ள வளவுல பட்டாலைல லேப்டாப்ப வச்சு அப்பத்தாவ மட்டும் கூட்டியாந்து உக்கார வச்சுப் போட்டேன். தாலி கட்டுற எடத்துல அவுக அக்கா பின்னால நின்னு மாலைய எடுத்துக் குடுப்பாக, அந்த எடம் வந்ததும் ஸ்கிரீன்ல வெரல வச்சுத் தொட்டுப் பாத்தாக. அந்தப் பகுதிய மட்டும் ஏழு தடவ ஓட்டச் சொன்னாக.

பட்டன் மங்கலா இருந்து அமுக்க முடியலைன்னா பழைய டிரைவர விண்டோஸ் அந்த எடத்துல எடுத்து வைக்கலைன்னு அர்த்தம். உடனே கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, இன்னொரு வழி இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியல. அதே டேப்ல அப்டேட் டிரைவர் அமுக்குங்க, ரெண்டாவதா இருக்கற பிரவுஸ் மை கம்ப்யூட்டர் எடுங்க, அதுக்குள்ள கீழ லெட் மீ பிக்னு ஆரம்பிக்கற வரிய அமுக்குங்க. உங்க மெஷின்ல ஏற்கனவே இருக்கற டிரைவரெல்லாம் வெர்ஷன் நம்பரோட பட்டியலா வரும், பழைய நம்பரத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் குடுங்க.

அப்டேட் டிரைவர்ல மொத ஆப்ஷன், அதாவது தானாத் தேடுறத, நம்பாதீங்க. சிறந்த டிரைவர் ஏற்கனவே இருக்குன்னு சொல்லிரும், ஆனா அது பாக்கறது புதுசா இருக்கான்னு மட்டுந்தான், வீடியோ ஓடுதான்னு அதுக்குத் தெரியாது.

6. எந்த டிரைவர், எங்க இருந்து இறக்கணும்

பழசே மெஷின்ல இல்லைன்னா இறக்கித்தான் ஆகணும். லேப்டாப்புக்கு மொதல்ல போக வேண்டியது லேப்டாப் கம்பெனியோட சப்போர்ட் பக்கம். சீரியல் நம்பரப் போட்டா உங்க மாடலுக்குன்னு சோதிச்சுப் பாத்த டிரைவர் வரும், அது ஒரு வருசம் பழசா இருக்கும், இருந்துட்டுப் போகட்டும், ஓடுறது முக்கியம். அங்க இல்லைன்னா, இல்ல டெஸ்க்டாப்னா, இன்டெல், என்விடியா, ஏஎம்டி இவங்களோட சொந்த சைட். இந்த ரெண்டு வகைய விட்டா வேற எங்கயும் இறக்காதீங்க. தேடுனா மேல மேல விளம்பரமா வரும், உங்க கம்ப்யூட்டர்ல 14 டிரைவர் பழசாயிருச்சு, காசு கட்டுனா சரி பண்ணித் தர்றோம்னு சொல்லுற சாஃப்ட்வேர், அதுக்குப் பக்கத்துலயே போகாதீங்க. கிராபிக்ஸ் டிரைவருக்கு எந்தக் காலத்துலயும் காசு கிடையாது.

பழைய சிப் வச்சிருக்கறவங்க கூடுதலா கவனிக்கணும். இன்டெல்ல 6ஆம் தலைமுறைல இருந்து 10ஆம் தலைமுறை வரைக்கும் உள்ளதுக்கு 2022லயே டிரைவரத் தனியாப் பிரிச்சுட்டாங்க, புது சிப்புக்கான ஃபைல இறக்குனா அதுல உங்களுது இருக்காது. என்விடியால ஜிடி 710 மாதிரி கெப்ளர் வகைக் கார்டு இன்னும் எத்தனையோ ஸ்டுடியோல ஓடுது, அதுக்கு 470 வரிசை டிரைவர்தான் கடைசி, அதுக்கு மேல தேடுறது வீண். சைட்ல உங்க கார்டு பேரச் சரியாத் தேர்ந்தெடுத்தா அதுவே பொருத்தமானதக் காட்டும். வீடியோ எடிட்டிங் பண்றவங்க என்விடியால கேம் ரெடிய விட்டுட்டு ஸ்டுடியோ டிரைவர எடுங்க.

ஃபைல் சைஸ் சாதாரணமா 500 எம்பிக்கு மேல, 1 ஜிபியத் தாண்டுறதும் உண்டு. எங்க வீட்டு மாதிரி பழைய வீட்டுல ரூட்டர் முகப்புல இருந்து நீங்க இரண்டாங்கட்டுல உக்காந்தா அந்தச் செவத்தத் தாண்டி வைஃபை வராது, பாதில அறுந்து போகும். ரூட்டர் பக்கத்துல போயி உக்காருங்க, இல்லாட்டி போனக் கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் போடுங்க, அன்னைய டேட்டா எவ்வளவு பாக்கியிருக்குன்னு பாத்துட்டு. இறக்குன ஃபைல பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வைங்க. ஓடுற டிரைவரோட ஃபைலு கைல இருந்தா அடுத்த தடவ எல்லாமே அரை மணில முடிஞ்சுரும்.

7. சேஃப் மோட்ல வச்சு முழுசாத் தொடச்சுட்டுப் போடுறது

ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ரோல் பேக்கும் புது இன்ஸ்டாலும் வேலைக்கு ஆகலைன்னா மட்டுந்தான் இது. அதுக்கும் முன்னாடி என்விடியா இன்ஸ்டாலர்ல கஸ்டம் எடுத்து கிளீன் இன்ஸ்டாலேஷன் டிக் போட்டு ஒரு தடவ பாத்துருங்க, பல நேரம் அதுவே போதும்.

இதுக்கு டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்னு ஒரு இலவச டூல் இருக்கு, டிடியுன்னு சொல்லுவாங்க. அதையும் போட வேண்டிய டிரைவரையும் முன்னாடியே இறக்கி வச்சுக்கிட்டு நெட்ட துண்டிச்சுருங்க, வைஃபை ஆஃப், கேபிள் இருந்தா கழட்டிருங்க. இத மறந்தீங்கன்னா நீங்க தொடச்சு முடிச்ச அடுத்த நிமிசமே விண்டோஸ் அந்தக் கெட்ட டிரைவரையே திரும்ப ஏத்தி வச்சிரும்.

ஷிப்ட்ட அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ரீஸ்டார்ட் குடுங்க. நீலக் கலர்ல வரும், ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிட்லாக்கர் கீ கேட்டா நோட்டப் பாத்து அடிங்க. பட்டியல் வந்ததும் 4 அமுக்குங்க. எழுத்தெல்லாம் பெருசு பெருசா, நாலு மூலைலயும் சேஃப் மோட்னு போட்டு வரும், அது அப்படித்தான் இருக்கும். டிடியு தொறந்து ஜிபியுன்னும் உங்க கம்பெனியையும் தேர்ந்தெடுத்து கிளீன் அண்ட் ரீஸ்டார்ட் அமுக்குங்க. திரும்பி வந்ததும், நெட்ட இன்னும் போடாம, பென்டிரைவ்ல இருக்கற டிரைவர இன்ஸ்டால் பண்ணுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, வீடியோ ஓடுதான்னு பாருங்க, அதுக்கப்புறந்தான் நெட்டு.

8. அது திரும்ப வராமத் தடுக்குறது

இத விட்டதாலதான் எனக்கு ஃபார்மட் போட்ட ரூ. 1,500 தண்டமாச்சு. சரியான டிரைவரப் போட்ட கையோட செட்டிங்ஸ், விண்டோஸ் அப்டேட்ல பாஸ் (Pause) போட்டுருங்க, அதிகபட்சம் 5 வாரம் வரைக்கும் நிறுத்தி வைக்கலாம். முழுசா நிரந்தரமா அப்டேட்ட நிறுத்துறது தப்பு, பாதுகாப்பு அப்டேட்டும் அதுலதான் வருது, அது வேணும்.

டிரைவர மட்டும் நிறுத்த: ஸ்டார்ட் மெனுல டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்னு தேடுங்க, நோன்னு வச்சு சேவ் பண்ணுங்க. விண்டோஸ் ப்ரோ எடிஷனா இருந்தா குரூப் பாலிசி எடிட்டர்ல விண்டோஸ் அப்டேட் பகுதில, அப்டேட்டோட டிரைவரச் சேக்காதேன்னு ஒரு பாலிசி இருக்கும், அத எனேபிள் பண்ணுங்க, அதுதான் உறுதியானது. ஹோம் எடிஷன்ல அந்த எடிட்டர் இல்ல.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதால இப்ப நிறைய பேரு 11க்கு மாறுறாங்க, மாறுன உடனே வீடியோ கெடுறதும் நடக்குது. மாறி 10 நாளுக்குள்ளன்னா செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரில கோ பேக்னு இருக்கும், பழையதுக்கே திரும்பலாம். ஆனா மொதல்ல படி 6 பாருங்க, 11க்கான டிரைவரப் போட்டாலே பெரும்பாலும் ஓடிரும்.

அப்புறம் ஒண்ணு, விசேசத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே அப்டேட்ட பாஸ்ல போட்டுருங்க. அன்னைக்குக் காலைல டிவில கேபிள் சொருகி, எந்த வீடியோ ஓடப் போகுதோ அதையே ரெண்டு நிமிசம் ஓட்டிப் பாத்துட்டுக் கோலம் போடப் போங்க.

9. டிரைவர் காரணமா இல்லாத சில விசயங்க

சிங்கப்பூர்ல இருந்து மச்சான் ஐபோன்ல எடுத்து அனுப்புன வீடியோ விண்டோஸ் பிளேயர்ல மட்டும் தொறக்கலைன்னா அது ஹெச்இவிசி ஃபார்மட், ஸ்டோர்ல அதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் காசுக்கு விக்குறாங்க, வாங்க வேண்டாம், விஎல்சில அப்படியே ஓடும்.

ஸ்டுடியோக்காரங்க எடிட் பண்ணாத ஒரிஜினல அப்படியே ஹார்டு டிஸ்க்ல குடுத்திருந்தா அது 10 பிட் 4:2:2ன்னு நெறத்தக் கூடுதல் நுணுக்கமாப் பதியிற வகையா இருக்கலாம். ஹெச்.264ங்கற வீடியோ ஃபார்மட்ல அந்த வகைய பெரும்பாலான கிராபிக்ஸ் சிப்பு கையாளாது, எந்த டிரைவர் போட்டாலும் பிராசஸர்தான் தூக்கணும், அதான் விக்குது. அவங்ககிட்டயே சாதாரண 8 பிட் எம்பி4ஆ மாத்திக் கேளுங்க.

யூடியூப் மட்டும் 4கேல விக்குனா வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் பாருங்க. கோடெக்னு இருக்கற எடத்துல ஏவி01ன்னு இருந்தா ஏவி1 ஃபார்மட், இன்டெல்ல 11ஆம் தலைமுறைக்கு முன்னாடி உள்ள சிப்புல அதுக்கு வசதி இல்ல. குவாலிட்டியக் கொறைங்க.

லேப்டாப் ஸ்கிரீன்ல நல்லாருக்கு, ஓடிடி படம் டிவில மட்டும் கருப்பா வருதுன்னா ஹெச்டிஎம்ஐ கேபிளையோ நடுவுல இருக்கற ஸ்ப்ளிட்டரையோ மாத்திப் பாருங்க, காப்பி பாதுகாப்புக்காக அது தடுக்கும்.

பவர் பட்டன் போட்டதும் கம்பெனி லோகோ வர்றப்பவே கோடு கோடா, புள்ளி புள்ளியா இருந்தா அது டிரைவர் இல்ல, அந்த நேரத்துல விண்டோஸ் டிரைவரே ஏறியிருக்காது. அது ஹார்ட்வேர், கடைக்குத்தான் போகணும். வாரண்டி இருக்கும்போது வெளிக் கடைல தொறக்க விடாதீங்க, கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்க. வெளிக் கடைன்னா போறதுக்கு முன்னாடி போட்டோ, டாக்குமெண்ட் எல்லாத்தையும் ஒரு ஹார்டு டிஸ்க்ல எடுத்துருங்க. கடைல நோட்ட நீட்டி, இந்தத் தேதி இந்த டிரைவர் ஏறுச்சு, ரோல் பேக் பண்ணிப் பாத்தாச்சு, டிடியு போட்டாச்சு, லோகோ வர்றப்பவே கோடு தெரியுதுன்னு சொல்லுங்க. என்ன செலவாகும்னு எழுதி வாங்குங்க, கேக்காம ஃபார்மட் போடக் கூடாதுன்னு அதுலயே எழுதச் சொல்லுங்க. போர்ட் மாத்துனா பழைய போர்டையும் பில்லையும் கேட்டு வாங்கிக்கிட்டு, கடைலயே உங்க வீடியோவ ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுக் காசக் குடுங்க.